சொல்லாமல் விட்ட பாதி



சென்ற சனவரி மாதத்தில் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் கோவூர்கிழார் என்னும் சங்கப் புலவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாடவேளை முடியும் தறுவாயில் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, ஒருவர் சொன்னதை அப்படியே இன்னொருவரிடம் சொல்வது தவறா?” என்று கேட்டாள். புறங்கூறுதலைப் பற்றிக் கேட்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, “ஆம், தவறுதான்” என்று விரைந்து விடை சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. மணி அடித்தபின் அவளை அழைத்து, “எதற்காகக் கேட்டாய்?” என்றேன். முதலிலேயே அப்படிக் கேட்டிருக்க வேண்டும். கேள்விக்குப் பின்னால் இருந்த கதை அப்போதுதான் வெளிவந்தது. அவளுடைய இசைவுடன் அதை இங்கே எழுதுகிறேன்.

அவளுடைய குடும்பம் தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் வாழ்கிறது. தாத்தா காலமானபின், திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஆச்சி வந்து மகனோடு தங்கியிருக்கிறார். ஆச்சிக்கு இந்தி தெரியாது. நாள்தோறும் தம் நூல்சேலையைத் தாமே துவைத்துப் பிழிந்து மாடத்துக் கொடியில் உலர்த்துவார். எழுபது வயதுக் கைகளால் எவ்வளவுதான் பிழிய முடியும்? நீர் சொட்டும். கீழ்வீட்டார் ஹரியாணாவைச் சேர்ந்தவர்கள். தில்லியின் குளிர்காலம் உங்களுக்குத் தெரியாததன்று. மூடுபனி விலகி வெயில் முகம் காட்டுவதே நண்பகலை ஒட்டித்தான். கிடைக்கும் சில மணி நேரத்தில் ஊரே ரஜாயைத் தூக்கிக்கொண்டு வெயிலைத் தேடும். பஞ்சடைத்த ரஜாய் ஒருமுறை நனைந்தால் எளிதில் உலராது. ஆச்சியின் சேலைநீர் கீழ்வீட்டு ரஜாயின்மேல் மூன்று நாள் சொட்டியது.

மூன்றாம் நாள் அந்த வீட்டு அம்மையார் படியேறி வந்தார். அப்போது வீட்டில் ஆச்சியும் பேத்தியும் மட்டுமே இருந்தனர். வந்தவர் இந்தியில் இரைந்து பேசினார். “ஏட்டி, அவ என்ன சொல்லுதா?” என்று ஆச்சி கேட்டார். “உனக்குக் கண் தெரியலையான்னு கேக்கிறாங்க” என்றாள் பேத்தி. அவ்வளவுதான், ஆச்சி எழுந்துவிட்டார். “என் வீட்டு மாடத்துல சேலை காயப்போட இவகிட்டக் கேக்கணுமா?” இதையும் பேத்தி அப்படியே இந்தியில் சொன்னாள். கதவு அடைபட்டது. அதன்பின் பதினைந்து நாளாக இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. ஒரே பேருந்தில் அலுவலகம் செல்லும் தந்தையர் இருவரும்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டனர்.

“அவர் வேறு எதுவும் சொல்லவில்லையா?” என்று கேட்டேன். சற்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். கண் தெரியவில்லையா என்று கேட்ட கையோடு அந்த அம்மையார், தம் மாமியாருக்கு மூட்டுவலி என்றும், அந்த ரஜாய் அவருடையது என்றும், மூன்று இரவுகளாக அவர் குளிரில் உறங்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஆச்சி எழுந்துவிட்டதால் அந்தப் பகுதி தமிழுக்கு வரவே இல்லை. ஆச்சியும் மாடத்தைப் பற்றிக் கேட்டதோடு நிறுத்தவில்லை. “எங்க ஊர்ல முத்தம் நெறைய வெயில் கெடக்கு. இங்க வந்து ஒரு சேலை காயப்போட எடமில்லாமக் கெடக்கேன்” என்று முணுமுணுத்திருக்கிறார். தமக்குத்தாமே பேசிக்கொண்டதுதானே என்று பேத்தி அதை இந்தியில் சொல்லவில்லை.

“நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே, ஐயா” என்றாள் அவள். பொய் சொல்லவில்லைதான். ஆனால், இருவர் பேச்சிலிருந்தும் முள்ளை மட்டும் எடுத்துச் சென்றாள். வலி இருந்த இடத்திலேயே கிடந்தது. சினத்தில் பேசுகிறவர் எவராயினும் அவர் பேச்சில் இவ்விரண்டும் இருக்கும். முள் முதலில் வரும். சுருக்கமாகவும் உரக்கவும் வரும். வலி பின்னால் வரும். தாழ்ந்த குரலில் வரும். சில வேளைகளில் தொண்டையோடு நின்றுவிடும். பிறர்பால் இரக்கம் கொண்டு பேசுதல் என்று பெரியோர் சொல்லும்போது, குரலைத் தாழ்த்தி இனிப்பாகப் பேசுவதையே பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பின்பாதி வரும்வரை காத்திருப்பதும், அது நம் காதில் விழுந்தது என்று மற்றவர் அறியும்படி விடை சொல்வதுமே இரக்கமுள்ள பேச்சு என்பது என் கருத்து. சற்று உரக்கப் பேசினாலும் குற்றமில்லை.

இன்னொன்றையும் அவள் சொன்னாள். ஆச்சியை மிகவும் புண்படுத்தியது கண்ணைப் பற்றிய கேள்வியன்று. ‘உனக்கு’ என்ற சொல். மகள் வயதுடைய ஒருத்தி தம்மை ‘நீ’ என்று சொல்லிவிட்டாளே என்பதுதான் ஆச்சியின் ஆற்றாமை. இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படிகள் உண்டு. நம் பேச்சில் இன்று பெரும்பாலும் நீ, நீங்கள் என்னும் இரண்டே படிகள். ‘நீர்’ என்பது சில வட்டாரங்களில் மட்டும் வாழ்கிறது. மூன்று படிகளை இரண்டில் அடக்கும்போது ஏதேனும் ஒன்று இடறத்தானே செய்யும்? அதிலும் ஹரியாணாவின் ஊர்ப்பேச்சில் பெரியவர்களையும் ‘தூ’ என்று அழைப்பதுண்டு. அவர்கள் காதுக்கு அது அவமதிப்பாகப் படுவதில்லை. நம் வீடுகளிலும் அம்மாவை ‘நீ’ என்றும் அப்பாவை ‘நீங்கள்’ என்றும் அழைக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அங்கே ‘நீ’ என்பது நெருக்கம். அதே சொல் படிக்கட்டில் அயலார் வாயிலிருந்து வந்தால் அடி.

இதைச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாநிலத்தில் பணியாற்றியபோது, புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன் வகுப்பில் என்னைப் பார்த்து, “நீதானே நேத்து இந்தப் பக்கம் படிக்கச் சொன்னே?” என்றான். எனக்குச் சினம் பொங்கியது. அந்தப் பாடவேளை முழுவதும் அவனை வெளியே நிற்க வைத்தேன். பின்னர்தான் தெரிந்தது: அவன் தந்தை படைவீரர், தொலைவில் எல்லைப் பணியில் இருந்தார். அந்த ஊரில் அவன் தமிழில் பேசிய ஒரே மனிதர் அவன் தாய். தாயிடம் பேசும் தமிழைத்தான் அவன் என்னிடமும் பேசினான். அவனிடம் வேறு தமிழ் இல்லை. மறுநாள் வருத்தம் தெரிவித்தேன். அவன் தலையசைத்தான். ஆனால், அந்த ஆண்டு முடியும்வரை என்னிடம் இந்தியிலேயே பேசினான். ‘ஆப்’ என்று மிகவும் மரியாதையாக.

உங்களில் பலர் நாள்தோறும் மொழிபெயர்ப்பாளர்களாக இருக்கிறீர்கள். தாத்தாவுக்கும் மருத்துவருக்கும் நடுவே, அம்மாவுக்கும் காய்கறி வண்டிக்காரருக்கும் நடுவே, ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் நடுவே உங்களைத்தான் நிறுத்துகிறார்கள். மருந்தின் அளவையோ விலையையோ சொல்லும்போது சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கவேண்டும். அங்கே உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. சண்டையில் நடுவே நிற்பது வேறு வகைப் பணி. தமிழில் அதற்குப் பழைய பெயர் தூது. வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அரசர்களின் சினத்துக்கு நடுவே நின்று பேசிய புலவர்களைப் புறநானூற்றில் காண்கிறோம். அன்று வகுப்பில் நான் பேசிக்கொண்டிருந்த கோவூர்கிழார் அவர்களுள் ஒருவர்.

சோழன் கிள்ளிவளவன், தன் பகைவனாகிய மலையமானின் சிறுபிள்ளைகளைப் பிடித்து, யானைக் காலில் இடுவித்துக் கொல்ல முனைந்தான். மன்றம் கூடியிருக்கிறது, யானை வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் எழுந்து பேசினார் கோவூர்கிழார். புறநானூற்றின் 46ஆம் பாடலாக அப்பேச்சு நமக்குக் கிடைத்திருக்கிறது. ‘கொடியவனே’ என்று அவர் தொடங்கவில்லை. புறாவின் துன்பம் தீர்க்கத் தன்னையே தந்தவன் மரபில் வந்தவன் நீ என்று அரசனின் குடிப்பெருமையை நினைவூட்டுகிறார். இவர்களோ, புலவர்களின் வறுமையைக் கண்டு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்தளித்தவர்களின் மரபினர் என்கிறார். பிறகு பிள்ளைகளைக் காட்டுகிறார். இவர்கள் எவ்வளவு சிறியவர்கள் என்றால், தங்களைக் கொல்ல நிற்கும் யானையையே வேடிக்கை பார்த்து அழுகையை மறந்துவிட்டார்கள். முன்பின் அறியாத இந்த மன்றத்தைப் பார்த்துத்தான் மருள்கிறார்கள். நான் சொல்வதைக் கேட்டாய், இனி உன் விருப்பம்போல் செய் என்று முடித்துவிடுகிறார்.

அந்தப் பேச்சில் என்னை வியக்கவைப்பது இதுதான். அரசன் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்; ஆனால், அவன் கண்ணுக்குத் தெரிந்தது பகைவனின் குலம். புலவர் அவனுக்குப் புதிய செய்தி எதையும் சொல்லவில்லை, அழுகையை மறந்த முகங்களைக் காட்டினார். தீர்ப்பையும் அவன் கையிலேயே விட்டார். சினந்தவனைத் தோற்கடித்தால் அவன் மேலும் சினப்பான். தானே முடிவெடுக்க வழிவிட்டால் இறங்கிவர அவனுக்கு ஒரு படி கிடைக்கும். அப்பாடலின் அடிக்குறிப்பு, புலவர் பாடிப் பிள்ளைகளைப் பிழைக்கச் செய்தார் என்று சொல்கிறது.

நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் உறையூரில் பொருதபோதும் இதே புலவர் இடையில் நின்றார். இருவர் தலையிலும் இருப்பது சேரரின் பனம்பூவும் அன்று, பாண்டியரின் வேப்பம்பூவும் அன்று, சோழரின் ஆத்திப்பூவே. எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்றார். அண்ணன் தம்பிச் சண்டைக்கு இதைவிடச் சிறந்த மருந்தை நான் கண்டதில்லை.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரின் பாடலும் உங்களுக்குப் பிடிக்கும் என்பதை அறிவேன். உன் படைக்கருவிகள் நெய் பூசி, மாலை சூட்டி அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ போரில் உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோல் இகழ்ந்தார். வகுப்பில் இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆயினும் வீட்டுச் சண்டைக்கு நான் கோவூர்கிழாரையே பரிந்துரைப்பேன். ஔவையின் சொல்லைக் கேட்டுத் தொண்டைமான் போரைக் கைவிட்டானா என்று அந்தப் பாடல் சொல்லவில்லை. குத்தலான பேச்சு கேட்பவர்களுக்குச் சுவை, குத்துப்பட்டவருக்கு அன்று. உங்கள் வயதில் குத்தலாகப் பேசுவதே அறிவு என்று தோன்றும், எனக்கும் தோன்றியது.

இனி மாணவியின் கேள்விக்கு வருகிறேன். முள்ளை விட்டுவிட்டு வலியை மட்டும் சொன்னால் அது பொய்யாகாதா? வாய்மை அதிகாரத்தை வள்ளுவர் தொடங்கும்போதே, பிறர்க்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அடுத்த குறளில் ஒரு சலுகையும் தருகிறார். ஆனால், படிக்கட்டுச் சண்டைக்கு அந்தச் சலுகைகூடத் தேவைப்படாது. “ஆச்சி, கீழ்வீட்டு அம்மா கோபமா வந்திருக்காங்க. நம்ம சேலைத் தண்ணி அவங்க ரஜாய் மேல சொட்டுதாம். மூட்டுவலிக்காரப் பாட்டி போத்திக்கிறதாம் அது” என்று அவள் சொல்லியிருக்கலாம். இதில் பொய் எங்கே இருக்கிறது? வந்தவர் சினந்திருக்கிறார் என்பதைக்கூட மறைக்கவில்லை. கோவூர்கிழாரும் அரசனிடம் பொய்யான எதையும் சொல்லவில்லை. எதை முதலில் சொல்வது என்று தேர்ந்தார்.

நடுவில் நிற்க ஆளில்லாத சண்டைகளும் உண்டு. அவை வீட்டுக்குள் நடப்பவை. “எப்போது பார்த்தாலும் கைப்பேசிதான்” என்கிறார் அம்மா. “எப்போது பார்த்தாலும் திட்டுதான்” என்கிறீர்கள் நீங்கள். இந்த ‘எப்போது பார்த்தாலும்’ என்பதை எவராலும் மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆகவே சண்டை இரவு உணவுவரை நீளும். அமெரிக்க உளவியல் அறிஞர் மார்சல் ரோசன்பர்க் (1934–2015) இத்தகைய பூசல்களுக்காக ஒரு பேச்சுமுறையை வகுத்தார். கண்டதைத் தீர்ப்புக் கலவாமல் சொல்வது, அதனால் எழுந்த உணர்வைச் சொல்வது, அதன் பின்னுள்ள தேவையைச் சொல்வது, இறுதியில் கட்டளையாக அன்றி வேண்டுகோளாகக் கேட்பது என்பன அதன் படிகள். இவையெல்லாம் நம் புலவர்களுக்கு முன்பே தெரியும் என்று மார்தட்டிக்கொள்ள நான் இதை எழுதவில்லை. தெரிந்திருந்தும் நாம் வீட்டில் செய்வதில்லை, அதுதான் செய்தி.

அந்த அம்மாவைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாற்றல் ஆணையோடு வந்த ஊர். காலை எட்டு மணிக்கு வீடு காலியாகிவிடுகிறது. மாலைவரை தமிழில் ஒரு சொல் அவர் காதில் விழுவதில்லை. நீங்கள் வருகிறீர்கள், வந்ததும் காதுக்குழாயைச் செருகிக்கொள்கிறீர்கள். உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். பகல் முழுவதும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசிக் களைத்து, ஒரு மணி நேரம் எவருக்கும் எந்த மொழியிலும் விடை சொல்லாமல் இருந்தால் போதும் என்று வருகிறீர்கள். இருவர் கேட்பதும் நியாயம். ஆனால், ஒருவர் பேச்சுத்துணைக்கு ஏங்குகிறார், மற்றவர் அமைதிக்கு ஏங்குகிறார் என்பது அந்த வீட்டில் ஒருநாளும் பேசப்படுவதில்லை. பேசப்படுவதெல்லாம் கைப்பேசி.

பணிந்து போவதே இரக்கம் என்று நான் சொல்வதாக எண்ணவேண்டா. உங்களை வகுப்பில் ‘மதராசி’ என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள் என்றால், அதைச் சிரித்துக்கொண்டே பொறுக்கவேண்டியதில்லை. “இந்தப் பெயரை நீ சொல்லும்போதெல்லாம் இந்த வகுப்பில் நான் வேற்றாள் என்று தோன்றுகிறது, என் பெயரைச் சொல்” என்று அவன் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். சொல்லியும் நிற்கவில்லை என்றால் ஆசிரியரிடம் வாருங்கள், அது கோள் சொல்வதாகாது. ஆனால், நம் வீட்டுக் கூடத்தையும் ஒருமுறை கவனியுங்கள். ‘இந்த வடக்கத்தியாருக்கு’ என்று தொடங்கி நாம் பேசாத பேச்சா? தமிழ் புரியாது என்ற துணிவில் அவர்கள் எதிரிலேயே பேசுகிறோம். சொல் புரியாவிட்டால் என்ன? தொனிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

அன்று அந்த மாணவிக்கு நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது, அவள் ஓடிவிட்டாள். என்ன நடந்தது என்பதை மறுவாரம் அவளே சொன்னாள். மாலையில் தனியே கீழ்வீட்டுக்குச் சென்று, ஆச்சி அன்று முணுமுணுத்ததை இந்தியில் சொல்லியிருக்கிறாள்: ஊரில் முற்றம் நிறைய வெயில் இருந்தது என்பதை. அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லையாம். உள்ளேயிருந்து அவருடைய மாமியார்தான் ‘எந்த ஊர்?’ என்று கேட்டாராம். பிறகு மேலே வந்து ஆச்சியிடம் மூட்டுவலியைப் பற்றிச் சொன்னாள். “இதை அன்னைக்கே சொல்லதுக்கென்ன?” என்று ஆச்சி இவளைத்தான் திட்டினார்.

இரு வீட்டாரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தந்தையர் பேருந்தில் தலையசைத்துக்கொள்கிறார்கள். ஆச்சி சேலையைப் பிழிந்து, முதலில் குளியலறைக் குழாயின்மேல் போட்டு வடியவிடுகிறார். பின்னர் மாடத்துக்கு வந்து கீழே குனிந்து, தமக்குத் தெரிந்த ஒரே இந்திச் சொல்லைக் கேள்வியாக்கி, “ரஜாய்?” என்று குரல் கொடுக்கிறார். “நஹீ, அம்மாஜி” என்று கீழிருந்து விடை வந்தபின் கொடியில் சேலை விரிகிறது.